ஐந்தாம் மண்டபத்தைப் பங்கிட்ட விதம்

2022 ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெளியே வெயில், இருபத்தாறு பாகை, காற்று இல்லை. பேர்லினில் நான் காவல் பார்த்த வரலாற்று மியூசியத்தின் இரண்டாம் மாடிக்கு அதுவரை முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அடுத்து ஓர் உக்ரைன் பெண் இரண்டு பிள்ளைகளுடன் வந்தாள். ஐந்தாம் மண்டபத்தில், போலந்தைக் கோடு கீறிப் பிரித்த பழைய வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் என்னிடம் கேட்டாள்.

"இந்தக் கோட்டைக் கீறியபோது, அந்த ஊர்களில் இருந்தவர்களுக்கு யாராவது சொன்னார்களா?"

விளக்கம் சொல்வது வழிகாட்டிகளின் வேலை. காவலருக்கு அனுமதிக்கப்பட்ட வசனங்கள் நான்கு: தொடாதீர்கள். பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கழிவறை இடது பக்கம். மன்னிக்கவும், எனக்குத் தெரியாது. நான் நான்காவதைச் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை.

அவள் போய்ப் பதினைந்து நிமிடத்தில், ஆறாம் மண்டபத்துக் காவலர் யோகன் நடந்து வந்து என்னோடு நேராகப் பேசினான். எட்டு வருடத்தில் அதுவே முதல் தடவை. அந்தப் பேச்சில் எங்களோடு வேலை செய்த ஸ்டெல்லா அக்காவின் இடம் பறிபோனது. இந்த வேலைக்கு இனி வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதுகிறேன்.

மூன்று மண்டபம், மூன்று பேர்

இரண்டாம் மாடியில் வரிசையாக மூன்று மண்டபங்கள். நான்காவது என்னுடையது. ஆறாவது யோகனுடையது. நடுவில் இருந்த ஐந்தாவது ஸ்டெல்லா அக்காவுடையது. அவர் மன்னார்க்காரர். முழங்கால் பழுது என்று டொக்டர் கடிதம் கொடுத்திருந்ததால் மாடியில் அவருக்கு மட்டும் கதிரை உண்டு. நானும் யோகனும் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்த ஊர். ஆனால் இளவயதில் வேறு வேறு இயக்கங்களுக்குப் பின்னால் போனவர்கள். அவனுடைய ஆட்கள் என்னுடைய மச்சானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என்னுடைய ஆட்கள் அவனுடைய ஆட்களுக்குச் செய்ததையும் நான் மறைக்கவில்லை. நான் அங்கே மூன்று வருடம் கணக்கு வாத்தியார். அதனால் இங்கும் எல்லோருக்கும் மாஸ்டர்.

எனக்கும் அவனுக்கும் இடையே முப்பது காலடி தூரம்கூட இராது. ஆனாலும் எல்லாம் அக்கா மூலம்தான் நடக்கும்.

"அக்கா, மாஸ்டரிட்டச் சொல்லுங்கோ, அவரின்ர பக்கம் ஜன்னல் பூட்டேல்லை."

"அக்கா, எனக்குக் காது கேக்குதெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ."

"ரெண்டு பேரும் கேட்டியளோ?" என்பார் அக்கா. "நான் இதுக்குத் தனிச் சம்பளம் கேக்கவேணும்."

வெள்ளிக்கிழமைகளில் அவர் மீன் கட்லட் கொண்டுவருவார். ஆளுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. சாப்பாட்டு அறையில் அவர் நடுவில் இருக்க, நாங்கள் இரு பக்கமும் இருந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடுவோம். மெழுகிட்ட மரத்தரையின் மணம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் எழும் சப்பாத்துச் சத்தம், மழை நாளில் கண்ணாடிக் கூரையின் ஓசை எல்லாம் இன்றும் எனக்கு நினைவில் நிற்கின்றன. ஓய்வு பெற்றுவிட்ட பிறகு நொய்கெல்ன் பகுதியில் வீட்டில் இருந்துகொண்டு என்னென்ன எண்ணிப் பார்த்தாலும், அந்த ஒன்பது கட்லட்டுக்கு நிகராக ஒன்றும் வருவதில்லை.

வரைபடம்

ஐந்தாம் மண்டபத்தில் இருந்தது ஒரு பிரதிதான். 1939 ஆகஸ்ட் 23 அன்று பேர்லினும் மொஸ்கோவும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. அதுவரை ஒருவரை ஒருவர் பேய் என்று திட்டிய இரண்டு சர்வாதிகாரிகள். வெளியே காட்டிய தாளுக்குப் பின்னால் ஓர் இரகசியத் தாள் இருந்தது. நடுவில் இருந்த நாடுகளை எப்படிப் பிரிப்பது என்பது அதில். செப்டம்பர் முதலாம் திகதி ஒருவர் மேற்கிலிருந்து போலந்துக்குள் புகுந்தார். பதினேழாம் திகதி மற்றவர் கிழக்கிலிருந்து. மாத முடிவில் கோட்டைத் திருத்தி, வரைபடத்தில் கையெழுத்து வைத்தார்கள்.

1941 ஜூன் 22 அன்று மேற்கிலிருந்து வந்தவர் மற்றவர் மேல் பாய்ந்தார். நான் எண்ணிப் பார்த்தேன்: அறுநூற்று அறுபத்தொன்பது நாள்.

எங்கள் யுத்தத்திலும் இதைக் கண்டேன். ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த இரண்டு தரப்பு, மூன்றாவதாக வந்திருந்த வெளிநாட்டுப் படை ஒன்றைத் திருப்பி அனுப்புவதற்காக ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாகக் கைகோர்த்தன. அந்த நாட்களில் சத்தம் குறைந்திருந்தது. நாங்கள் சமாதானம் என்று நம்பினோம். பிறகு வந்த யுத்தத்தில் அந்த நம்பிக்கைக்காக அடி வாங்கியவர்கள் கையெழுத்து வைத்தவர்கள் அல்லர். இன்றைக்குத் தொலைக்காட்சியில், ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத ஆட்சியாளர்கள் கைகுலுக்கும் படம் வரும்போது, நான் கைகளைப் பார்ப்பதில்லை. மேசையில் யார் இல்லை என்று பார்க்கிறேன்.

இப்போது பார்க்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பார்க்கவில்லை.

நான்கு நிமிடம்

அக்கா முழங்காலுக்கு ஒப்பரேஷன் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த நாட்களில் ஐந்தாம் மண்டபத்தையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். முதல் வாரமே எங்கள் மேற்பார்வையாளர் ஃபிரௌ வெண்ட் சொல்லிவிட்டார்: அடுத்த வருடம் இரண்டாம் மாடிக்கு இரண்டு பேருக்குத்தான் பணம் உண்டு, வியாழக்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. பென்ஷனுக்கு இன்னும் இருபத்திரண்டு மாதம்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம் கதைக்கலாமோ?" என்றான் யோகன்.

"சொல்லிவிட அக்கா இல்லையெண்டு நேர வந்திட்டீரோ?"

"பகிடியை விடுங்கோ. வியாழக்கிழமை அந்த வெண்ட் மனுசி என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"நீர் என்னைப் பற்றி என்ன சொல்லுவீர்?"

"அதைத்தான் கதைக்க வந்தனான். நான் உங்களை நல்லாச் சொல்லுறன். நீங்கள் என்னைச் சொல்லுங்கோ. நாலையும் ஆறையும் பாக்கிற நாங்கள் ஐஞ்சையும் பாதி பாதியாப் பாக்கலாம், ரெண்டு பேர் போதுமெண்டு சொல்லுவம்."

"அக்கா?"

யோகன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "அவவுக்கு இனி இந்தக் காலோட வேலை செய்யேலாது. மகளும் ஹம்பேர்க்கில நல்லா இருக்கிறா."

"ஓம்," என்றேன்.

அக்காவிடம் கேட்டுப் பார்ப்போம் என்று இருவருமே சொல்லவில்லை. யோகன் சுவரிலிருந்து சுவர்வரை நடந்தான், நான் எண்ணினேன். இருபத்தாறு காலடி. பதின்மூன்று எனக்கு, பதின்மூன்று அவனுக்கு. கதிரை ஒருநாள் விட்டு ஒருநாள். வரைபடம் அவனுடைய பாதியில் விழுந்தது. எல்லாம் பேசி முடிய நான்கு நிமிடம்.

வியாழக்கிழமை ஃபிரௌ வெண்ட் என்னிடம் கேட்டார்: "இரண்டு பேரால் உண்மையாகவே முடியுமா? உங்கள் சிநேகிதி திரும்பி வந்தால்?"

"முடியும்," என்றேன். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள்

டிசம்பரில் அக்கா வந்தார். கைத்தடி இல்லை. கையில் கட்லட் பெட்டி. நானும் யோகனும் பேசிக்கொண்டு நிற்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாதாவே, இதென்ன புதினம்? ரெண்டு பேரும் நேருக்கு நேர் கதைக்கிறியள். அப்ப எனக்கு இனி இஞ்ச வேலையில்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். பத்து நிமிடத்தில் ஃபிரௌ வெண்ட் வந்து அவரைக் கீழே அழைத்துப் போனார். அக்காவுக்கு நுழைவாயில் படிக்கட்டு கிடைத்தது. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், கதிரை வைக்க இடமில்லை, கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று. புது முழங்காலோடு ஒன்பது நாள் நின்றார். பத்தாம் நாள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, மேலே வராமலே போனார். கட்லட் பெட்டி சாப்பாட்டு அறையில் கிடந்தது. கழுவி வைத்தேன்.

எங்கள் ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. அடுத்த வருடம் இன்னொரு குறைப்பு வருகிறது என்று கதை அடிபட்டது. 2023 செப்டம்பர் 26 அன்று யோகன் மேலிடத்துக்கு எழுதினான்: மாஸ்டர் வேலை நேரத்தில் கதிரையில் இருந்து கொப்பியில் எண்களை எழுதிக்கொண்டிருக்கிறார். அது உண்மைதான். என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பினார்கள். நான் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் ரெலிபோனில் விளையாடுகிறான் என்று நான் எழுதிய கடிதம் மூன்று நாளாக என் பைக்குள் இருந்தது. அவன் முந்திவிட்டான், அவ்வளவுதான். பென்ஷன் வரும்வரை படிக்கட்டில் நின்றேன்.

எங்களுடையது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள். வரைபடத்தில் கையெழுத்து வைத்தவர்களைவிடக் குறைவு.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் திடீரென்று நல்ல முகத்தோடு வந்து, நாங்கள் இருவரும் ஒற்றுமையாக இருப்போம் என்றால், உடனே சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கு வேலைக்கு வராத ஆள் யார் என்று அட்டவணையில் பாருங்கள். அவருக்கு ஒரு ரெலிபோன் எடுங்கள்.

ஹம்பேர்க்

சென்ற மே மாதம், மகளிடம் போய்விட்ட அக்காவைப் பார்க்கப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் மாம்பழப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, எஸ்-பான் என்ற நகர ரெயிலில் ஏழு தரிப்பிடம். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் "வாங்கோ மாஸ்டர்" என்றார். தேத்தண்ணி தந்தார். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி நான் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு இது அப்பவே தெரியும்," என்றார். "ஃபிரௌ வெண்ட் சொன்னவ. வேலை போனது ஒரு பக்கம் கிடக்கட்டும் மாஸ்டர். ஒப்பரேஷன் முடிஞ்சு கட்டிலில கிடக்கேக்க, நான் இல்லாத நேரம் நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கக்கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் செபம் சொன்னனான்."

பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வர ஏழு நிமிடம் ஆயிற்று. மாம்பழப் பெட்டியை என் பக்கம் மெதுவாகத் தள்ளி, "ரெயிலுக்கு நேரமாகுது," என்றார்.

போக வர ரெயில் எழுபத்தொரு யூரோ எண்பது சதம். எஸ்-பான் ஏழு யூரோ இருபது. மாம்பழம் பதினான்கு. மொத்தம் தொண்ணூற்று மூன்று யூரோ.