எல்லிஸ் தீவின் வெண்கட்டி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, விடுமுறை முடிந்து வந்ததும் அமெரிக்க வரலாற்றில் புகழ்பெற்ற ஓர் இடத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த எப்சம் பகுதியின் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் முந்திக்கொண்டு சுதந்திர தேவி சிலையையும் வெள்ளை மாளிகையையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது எல்லிஸ் தீவு. கப்பலில் நியூயோர்க் வந்திறங்கிய குடியேறிகளைச் சோதித்த இடம் அது. மாடிப்படியின் உச்சியில் வைத்தியர்கள் நின்று, ஏறி வருகிறவர்களைக் கவனிப்பார்களாம். நொண்டுகிறவரின் மேலங்கியில் வெண்கட்டியால் ஓர் எழுத்துக் கீறுவார்களாம். அப்படிக் கீறப்பட்டவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பியும் விட்டார்களாம்.

அப்பா இடது காலை இழுத்து நடப்பவர். நாங்கள் இங்கேயே தங்குவதற்கான நிரந்தர விசாவுக்காக அந்த வாரம்தான் அவருக்கு மருத்துவச் சோதனை. புத்தகத்தை மூடிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கும் பயம் இருந்தது. ஆனால் அது வேறு பயம்.

"கால் என்னெண்டு கேட்டால் மோட்டார்சைக்கிள் விபத்து எண்டு மட்டும் சொல்லுங்கோ. விசாப் போம்ல அப்பிடித்தானே எழுதினனீங்கள்," என்று வேலைக்குப் புறப்படுவதற்குள் மூன்று தரம் சொல்லிவிட்டார். வீட்டில் தனியே விட முடியாததால் நான் அப்பாவோடு தொற்றிக்கொண்டேன்.

பக்கத்துப் பகுதியான எல்லர்ஸ்லியில், சோதனை நடக்கும் கிளினிக் மேல்மாடியில் இருந்தது. படியைக் கண்டதும் எனக்குப் புத்தகத்தில் வாசித்த மாடிப்படி ஞாபகம் வந்தது. அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற, நான் முன்னால் ஓடி உச்சியை எட்டிப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை. அப்பாடா என்றிருந்தது, ஐந்து நிமிடத்துக்கு.

உள்ளே தலை நரைத்த ஒரு பெண் வைத்தியர் இருந்தார். நெஞ்சைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு நடந்து காட்டச் சொன்னார். அப்பா நடந்தார். காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே வைத்தியர் பேனாவை எடுத்தார்.

"மோட்டார்சைக்கிள் விபத்து," என்றார் அப்பா, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. விபத்தென்றால் அப்பாவின் கவனக்குறைவு என்றல்லவா நினைப்பார்? உண்மையைச் சொன்னால் பாவம் பார்ப்பாரே.

"இல்லை, ஊரில் நடந்த சண்டையில் செல் குண்டு விழுந்து பட்டது," என்றேன். என் ஆங்கிலத்தில் தடுமாற்றமே இல்லை.

பேனா தாளுக்கு மேலே நின்றது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. வைத்தியர் எழுதாததால், நான் இன்னும் கொஞ்சம் உரக்க அதையே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு "மோட்டார்சைக்கிள்" என்று தனக்குள் சொன்னபடி எழுதிக் கையொப்பமிட்டார்.

கீழே வந்து காரில் ஏறியதும் அப்பாவால் சாவியைப் போட முடியவில்லை. மூன்று தரம் குத்தியும் அது துவாரத்துக்குள் போகவில்லை. சண்டையென்று சொன்னால், நீ எந்தப் பக்கம் நின்றாய், ஏன் பொய் எழுதினாய் என்று கேள்விகள் வரிசைகட்டி வரும் என்பதும், விசாவே போயிருக்கும் என்பதும் எனக்கு எங்கே தெரியும்? அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல நினைத்தேன்.

"அந்த டொக்டருக்குக் காது கேக்காது அப்பா, பாவம்."

அப்பா ஒருவழியாகச் சாவியைப் போட்டுத் திருகினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "கேக்காதுதான்."