இருபத்தெட்டு நாள் மூடியிருந்த சாமி அலுமாரி

எங்கள் மல்வேர்ன் வீட்டின் பேஸ்மென்றுக்கு இறங்கப் பதின்மூன்று படிகள். கீழே வாடகைக்கு இருப்பவருக்கு நாற்பத்துநான்கு வயது. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு, விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று இருபத்தொரு மாதம் காத்திருந்தார். கீழ்த்தளத்துக்குத் தனித் தபால்பெட்டி இல்லை. அவருடைய கடிதங்களும் எங்கள் பெட்டிக்குத்தான் வரும். எடுத்து, எண்ணிப் பார்த்து, கொடுப்பவன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு கடிதங்கள் வந்தன. மூன்று எனக்கு. நான்காவது அவருக்கு, குடிவரவு விசாரணைச் சபையிலிருந்து. இந்த நாட்டில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடிவரவுக் கடிதம் எதுவானாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரிப்போம். முன்பு எனக்கு வந்தவற்றையும் அப்படித்தான் பிரித்தோம். மனைவி அவருடைய கடிதத்தை வாங்கி, சாமி அலுமாரிக்குள் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை பூ வைச்சுப்போட்டுக் குடுப்பம். நல்ல செய்தியா வரட்டும்," என்றாள். நானும் தலையாட்டினேன்.

புதன்கிழமை பக்கத்து நகரமான அஜக்ஸில் மகனுக்குப் பிள்ளை பிறந்தது. எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு. விளக்கு ஏற்றக் கூடாது, சாமியைத் தொடக் கூடாது. அலுமாரிக் கதவைச் சாத்தினோம். அந்த நாட்களில் மருமகளுக்கான பத்தியக்கறிப் பாத்திரத்துடன் பத்தொன்பது தடவை அஜக்ஸுக்குப் போய் வந்தேன். உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று கீழே இருப்பவரிடம் ஒரு தடவை வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தொன்பதை எண்ணியவனுக்கு அந்த ஒன்று மறந்துவிட்டது.

இருபத்தெட்டாம் நாள் அவருக்கு இன்னொரு கடிதம் வந்தது. துடக்கு என்பதால் அது சாமியிடம் போகாமல் நேரே கீழே போனது. அரை மணி நேரத்தில் அவர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

"அங்கிள், நான் விசாரணைக்கு வரேல்லையாம். கேஸைக் கைவிட்டிட்டனாம். எந்த விசாரணை? எனக்கு ஒரு கடிதமும் வரேல்லையே."

துடக்கு முடிய இன்னும் மூன்று நாள். மனைவி "ஐயோ, தொடாதேங்கோ" என்று கத்தக் கத்த அலுமாரியைத் திறந்தேன். படத்திலிருந்து உதிர்ந்த காய்ந்த பூவுக்குக் கீழே கடிதம் இருந்தது. விசாரணை, துடக்குக் கணக்கில், இருபதாம் நாள். வராவிட்டால் காரணம் சொல்லவென்று இருபத்துநான்காம் நாளும் கொடுத்திருந்தார்கள். இரண்டும் போய்விட்டன.

அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளையார் எல்லாத்தையும் வாசிச்சிட்டார் போல, அங்கிள். எனக்குத்தான் சொல்லேல்லை." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மோர்னிங்சைட்டில் உள்ள ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் மறுநாளே கூட்டிப்போனேன். இப்படியே விட்டால் எந்த நாளிலும் நாடுகடத்தத் தேதி கொடுப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். கேஸைத் திரும்பத் திறக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் கடிதம் சரியான விலாசத்துக்கு வந்திருக்கிறது. அது ஏன் அவர் கைக்குப் போகவில்லை என்று, அதை வைத்திருந்தவர் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும்.

"நான் குடுக்கிறன்," என்றேன்.

அன்று மாலை மகன் அஜக்ஸிலிருந்து போன் எடுத்தான். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? பேஸ்மென்றை வாடகைக்கு எண்டு சிற்றியில ரெஜிஸ்டர் பண்ணவே இல்லை. அங்க ஒராள் இருக்கிறார் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களோ? சிற்றிக்காரன் வந்து ஃபைன் போட்டா?"

"வரட்டும்."

"அவங்கள் கடிதம் போட்டவங்கள்தானே? தே டிட் தெயர் பார்ட். இப்ப எல்லாரும் கடிதம் கிடைக்கேல்லை எண்டுதான் சொல்லுவினம்."

"எல்லாரையும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் எங்க கிடந்தது எண்டு எனக்குத் தெரியும்."

முப்பத்தாறு வருடத்துக்கு முன் என் அகதிக் கோரிக்கையை விசாரித்தவர் இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம் கேட்டார். ஐம்பத்தேழு கேள்விகள். சிலவற்றை என்னை நம்பாமலேதான் கேட்டார். ஆனால் கேட்டார். கீழே இருப்பவர் சொல்லப்போவது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. அதைத் தீர்ப்பது என் வேலையும் அல்ல. கேட்டபிறகு இல்லை என்று சொன்னால் அது ஒரு தீர்ப்பு. ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு மனிதனை விமானத்தில் ஏற்றுவதற்கு என் வீட்டு அலுமாரி காரணமாக இருக்க நான் விடமாட்டேன்.

சத்தியக்கடதாசி எழுதும்போது வழக்கறிஞர் தயங்கினாள். "அங்கிள், துடக்கெல்லாம் எழுத வேணுமோ? தவறுதலா வைச்சிட்டம் எண்டு போட்டாக் காணும்."

"காணாது பிள்ளை. தவறுதலா வைக்கேல்லை. வேணுமெண்டுதான் வைச்சனாங்கள், அந்தாளுக்கு நல்லது நடக்கட்டும் எண்டு. எல்லாத்தையும் எழுதுங்கோ. பேஸ்மென்றையும் எழுதுங்கோ."

பதினேழு பந்திகள் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்துக் கையெழுத்திட்டேன்.

விண்ணப்பம் போய் ஐம்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. தபால்பெட்டியிலிருந்து எடுத்து வாசலுக்கு வந்தேன்.

"இஞ்சருங்கோ, ஒரு நிமிசம் சாமிக்கு முன்னால வைச்சிட்டு..." என்றாள் மனைவி.

"ஒரு நிமிசமும் இல்லை."

சப்பாத்தைக் கழற்றாமலே பதின்மூன்று படியும் இறங்கினேன். இரவு வேலை முடிந்து தூங்கியவரை எழுப்பினேன். அவர் உறையைக் கிழித்தார். மூன்று தடவை வாசித்தார்.

"அங்கிள், கேஸைத் திரும்ப எடுக்கினமாம். தேதியும் போட்டிருக்கு."

கடிதத்தை வாங்கி விசாரணைத் தேதி வரை எண்ணினேன். எழுபத்துமூன்று நாள். படியில் நின்ற மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது வைக்கலாமோ?" என்று கேட்டாள். முதலில் அதை நான்கு பிரதி எடுத்துவிட்டு, பிறகு கொடுத்தேன்.

பக்கவாசலில் இப்போது அவருக்குத் தனித் தபால்பெட்டி இருக்கிறது. சிற்றிக்காரர் இன்னும் வரவில்லை. வந்தால் கதவைத் திறப்பேன். சபையில் அவரை நம்புவார்களோ தெரியாது. விசாரணையன்று காலை அவரை நானே கூட்டிப்போவேன், மூன்று மணித்தியாலம் முன்னதாக.