செல்வம் அண்ணையின் மரியாதை

என் பெயர் ராசிக். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் வேலை செய்யும் மளிகைக் கடையில், செல்வம் அண்ணையின் காதில் அது முதல் நாளே 'ராசா' என்று விழுந்தது. நானும் திருத்தவில்லை. "மார்க்ஸ் டோர்மோயில என்ர அறைக்கு வந்திரு ராசா, நீ என்ர தம்பியெல்லோ" என்றார். அதை நம்பி, இருந்த இடத்தை விடுவதாகச் சொல்லிவிட்டேன்.

இடையில் விடுமுறைக்குத் துனிஸ் போனேன். அந்தத் துறைமுக நகரத்தின் பழைய பள்ளிவாசலில், எங்கெங்கோ இருந்து கொண்டுவந்த பொருந்தாத தூண்கள் ஒரே கூரையைத் தாங்கி நின்றன. தொழ நின்றவர்கள் எந்த ஊர் என்று கேட்காமலே ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள்.

திரும்பி வந்து, அங்கே கைபேசியில் எடுத்த படத்தை ஆசையாக அண்ணையிடம் காட்டினேன்.

"உன்னை உள்ளுக்கை விட்டவங்களோ?"

"தொழத்தானே அண்ணை போனனான்."

கைபேசியைத் திருப்பித் தந்தார். "நான் உன்னைத் தமிழன் எண்டெல்லோ நினைச்சனான்."

"இப்ப நான் என்ன பாஷையில கதைக்கிறன் அண்ணை?"

அண்ணை அரிசி மூட்டைகளை அடுக்கினார். பிறகு முகம் பாராமல், "அறையில சாமிப்படங்கள் இருக்கு. உங்களுக்குச் சரிவராது. குறை நினைக்காதேங்கோ" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். 'நீங்கள்' என்பது மரியாதைச் சொல் என்று அங்கேதான் படித்தேன். அண்ணை இன்றைக்கும் என்னோடு மரியாதையாகத்தான் பேசுகிறார். எனக்கு அந்தப் பழைய 'நீ' போதும்.