மானிட்டரைத் திருப்பி வைப்பவர்

என் லேப்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. விண்டோஸை மறுபடி ஏற்றினால் தங்கையின் கல்யாணப் படங்கள் அழிந்துவிடுமே என்ற பயத்தோடு வில்லாபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன்.

நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். என் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். உள்ளே இருந்தவை தெரியத் தொடங்கியதும் மானிட்டரை என் பக்கம் திருப்பி, மவுஸையும் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"வேணுங்கிறத நீங்களே எடுத்துக்கங்கண்ணே. பெறகு அழிச்சிட்டுப் புதுசா போட்ருவோம்."

"கல்யாணப் படந்தாண்ணே, நீங்களும் பாக்கலாம்" என்றேன்.

"வேணாம்ணே. ஒருக்கா ஒருத்தர் லேப்டாப்புல தெரியாமப் பாத்துட்டேன். அவரு மொகத்த இன்னைக்கு வரைக்கும் நேரா பாக்க முடியல."

அப்படி என்ன இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, டீ குடிக்க வாரியா?"

"நீங்க போங்கண்ணே" என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே.

இப்போதெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க அந்தக் கடைக்குத்தான் போகிறேன். கடைக்காரரின் சிரித்த முகத்தைத் தேவைக்கு மேல் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிடுகிறேன்.