நாலு வந்தால் நாலு

நர்ஸாக இருந்த அத்தை, எண்ணெய் ஜாடியில் பழையதன்மேல் புதியதை ஊற்ற மாட்டார். மிச்சத்தை ஒரு டம்ளரில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் புதியது. அதுவும் நூல் பிடித்தாற்போல் மெதுவாக. "எண்ணெய்க்கு ஜுரம் எவ்வளவு சிஸ்டர்?" என்று மாமா கேலி செய்வார். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அத்தையின் அந்தப் பழக்கத்தைக் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் அத்தை இறந்தபோது துக்கம் கேட்க வந்த அவருடைய வார்டுத் தோழி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

ஒரு தையல்காரருக்குப் பித்தக் குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. ரத்தத்தில் ஏற்றிய மருந்து அந்த அடைப்புக்குள் போதுமான அளவு போய்ச் சேரவில்லை, ஜுரம் இறங்கவில்லை. விலாப் பக்கம் மெல்லிய ட்யூப் வைத்துப் பித்தத்தை வடித்தார்கள். அதே ட்யூப் வழியாக மருந்தை நேரே உள்ளே செலுத்த டாக்டர் முடிவு செய்தார். தடவைக்குப் பத்து மில்லி.

முதல் நாள் அத்தை பத்தையும் ஒரே அழுத்தாக ஏற்றிவிட்டார். அரை மணியில் தையல்காரர் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. உள்ளே அழுத்தம் கூடி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. பிழைப்பாரா என்பதே சந்தேகமானது. அவர் மனைவி போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

மறுநாள் அத்தை முதலில் சிரிஞ்சால் பித்தத்தை உறிஞ்சினார்.

"நாலுதான் வந்துது டாக்டர். நாலுதான் போகும்."

"எழுதினது பத்து, சிஸ்டர்."

"மறுபடி நடுக்கம் வந்தா எழுதின சீட்டா வந்து போத்திவிடும்?"

டாக்டர் சீட்டை வாங்கினார். பத்தை அடித்துவிட்டு, எடுத்த அளவே கொடுக்கவும், தடவைகளைக் கூட்டவும் எழுதினார்.

அந்த வாரம் பார்த்துத்தான் அத்தைக்கு ஆபரேஷன் தியேட்டர் டியூட்டி விழுந்தது. வேறு கைக்கு மாறினால் யாராவது அவசரத்தில் அழுத்திவிடுவார்களோ என்று பயம். தோழிக்கோ தியேட்டர் ஏசி என்றாலே மூக்கடைப்பு. "ஆறே நாள் எனக்காகப் போடி. அடுத்த முறை உனக்குப் பதிலா நான் போறேன்" என்று அத்தை கெஞ்சியிருக்கிறார். அவரும் போனார்.

ஆறாம் நாள் ஜுரம் விட்டது. பிறகு வீட்டுக்குக் கிளம்பிய தையல்காரர், அத்தையின் யூனிஃபார்ம் பட்டனைப் பார்த்து, தையல் மட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தாராம்.

அடுத்த மாதமே தோழிக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல்.

"உங்க அத்தை எனக்கு அந்த ஆறு நாளை இன்னும் தரணும்பா" என்றார்.

என் பட்டத்தை வைத்து அந்தக் கடனில் ஒரு நாளைக்கூட என்னால் தீர்க்க முடியாது.