கனகாம்பிகையின் சார்ஜ்

இல்ஃபோர்ட் கடைத்தெருவில் யாராவது "சார்ஜ்!" என்று கத்தினால் திரும்பிப் பார்க்கிற தமிழ்ப் பெண் ஒருவர்தான். நரைத்த கொண்டை, சேலைக்கு மேல் தடித்த நீலக் கோட்டு, கையில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிற பை. பஸ் ஓட்டுகிற வெள்ளைக்கார இளைஞன் கூப்பிடுவான், வங்கியில் இருக்கிற பஞ்சாபிப் பெண் கூப்பிடுவாள். இவரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சலூட் அடிப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த மனிசி எந்தப் பட்டாளத்தில் இருந்தது என்று மண்டையைப் போட்டு உடைப்பார்கள். கனகாம்பிகை இருந்த பட்டாளம் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபம். அங்கே எட்டு வருசம் டின்னர் லேடியாக நின்று, பட்டாணிக் கடலையை எறிந்து சண்டை பிடிக்கிற பிள்ளைகளை அடக்கி ஆண்டவர் அவர்.

லண்டனுக்கு வந்தது எண்பத்தேழில். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் வீட்டைப் பூட்டித் திறப்பை ஆரிடமும் கொடுக்காமலே கிளம்பி வந்த கதையை அவர் சொல்ல விரும்பமாட்டார், நானும் கேட்டதில்லை. கணவர் ஆனந்தராஜா இரண்டு வருசம் முந்தி வந்து பெற்றோல் நிரப்புகிற ஒரு செற்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த மனுசன், இங்கே ஏழு நாளும் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியத் தொடங்கி இருட்டும்வரை இரட்டை ஷிப்ட். பிள்ளைகள் இல்லை. மாடியில் இரண்டு அறை, கீழே வீட்டுக்காரி டொறீன், மூலையில் யாரோ சிநேகிதன் கழித்துவிட்ட ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. கனகாம்பிகையின் லண்டன் அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரு சண்டை நாடகம் போகும். பழைய நாடகம், திரும்பத் திரும்பப் போடுவார்கள். இரண்டாம் உலக யுத்தம், இடிந்த ஊர்கள், அதற்குள்ளால் நடந்துகொண்டே இருக்கிற பத்துச் சிப்பாய்கள். அதன் பெயர் கனகாம்பிகைக்குக் கடைசிவரை தெரியாது. "சண்டைப் படம்" என்பார். இரண்டு மணிக்கு அதற்கு முன்னால் இருந்தாரென்றால் அடுப்பில் சோறு கரிந்தாலும் எழும்பமாட்டார்.

இது நாடகத்தின் கறுப்பு வெள்ளையா, பெட்டியின் கறுப்பு வெள்ளையா என்பதே அவருக்குத் தெரியாது. ஐந்தாறு வருசம் கழித்துக் கலர் பெட்டி வாங்கியபோது சண்டைப் படத்தில் மட்டும் நிறம் வரவில்லை என்று கடைக்காரனைக் கூப்பிட்டு அவர் பிடித்த சண்டை தனிக்கதை. அந்தக் கடைக்காரன் பாவம்.

ஆனந்தராஜாவுக்கு இந்த நாடகத்தைக் கண்ணில் காட்டக் கூடாது.

"இஞ்சாரும், ஊரிலை நாங்கள் பார்த்த ஆமி காணாதெண்டே இதையும் பார்க்கிறீர்?"

கனகாம்பிகை பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இவங்கள் கதவைத் தட்டிப்போட்டெல்லே உள்ளுக்கு வாறாங்கள்."

ஆனந்தராஜா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உண்மை அதுதான். அந்தச் சிப்பாய்கள் குடியானவனின் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று தண்ணீர் கேட்பார்கள். பிள்ளையைக் கண்டால் சொக்கலேட் கொடுப்பார்கள். அவர்களை நடத்திப் போகிற ஒருவன் இருந்தான், தாடை நீண்ட, அதிகம் பேசாத மனுசன். எல்லாருக்கும் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால்தான் தன் வாயில் வைப்பான். கனகாம்பிகைக்கு அவனைக் கண்டால் வயிறு குளிர்ந்துபோகும். இப்படி ஒரு ஆமிக்காரன் இருக்கலாம் என்று நினைப்பதே அவருக்கு ஒரு மருந்தாக இருந்தது.

ஆங்கிலம் படித்ததும் அவர்களிடம்தான். "மூவ் அவுட்" என்றால் வெளிக்கிடு. "ஹோல்ட் யுவர் ஃபயர்" என்றால் பொறு, அவசரப்படாதே. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே அவர் இல்ஃபோர்ட் சந்தையில் மீன் வாங்கினார்.

ஆனால் ஒரு சொல் மட்டும் அகப்படாமல் இருந்தது. கீழ்வீட்டு டொறீனுக்கு எழுபத்திரண்டு வயது. முதல்நாளே "என்னை டொறீன் என்று கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். எழுபத்திரண்டு வயது மனிசியை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? நாக்கு வருமா? அக்கா இல்லை, மாமி இல்லை, ஒரு வாய்க்கு ருசியான முறைச்சொல் இந்த ஆங்கிலத்தில் இல்லையே என்று கனகாம்பிகை தவித்துப்போனார். மூன்று மாதம் அந்த மனிசியை "எக்ஸ்கியூஸ் மீ" என்றே கூப்பிட்டுச் சமாளித்தார். மிஸிஸ் போடலாம் என்றார் ஆனந்தராஜா. மிஸிஸுக்குப் பின்னால் பெயர் வருகிறதே, அது எந்த மரியாதை?

அப்போதுதான் காதில் விழுந்தது. நாடகத்தில் அந்த ரொட்டி பிய்க்கிற மனுசனை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாரும் "சார்ஜ், சார்ஜ்" என்றார்கள். அதுவும் எப்படி? பயத்தோடு இல்லை, நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற அதே குரலில்.

"இஞ்சாருங்கோ, சார்ஜ் எண்டா என்ன?"

ஆனந்தராஜா கச்சேரியில் இருபது வருசம் இங்கிலீசில் கடிதம் எழுதியவர். தெரியாது என்று சொல்லுவாரா? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை செற்றிலை பெரியவரை இன்சார்ஜ் எண்டுதானே சொல்லுறம்? அதைச் சுருக்கிச் சார்ஜ். பொறுப்பான ஆளுக்குச் சொல்லுற மரியாதைச் சொல்."

சரியாகத்தானே இருக்கிறது! அடுத்தநாள் காலை கனகாம்பிகை படியிறங்கிப்போய், "குட் மோர்னிங், சார்ஜ்!" என்றார். டொறீன் வாய்விட்டுச் சிரித்து, ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து பஸ் சாரதி சார்ஜ், தபால்காரர் சார்ஜ், டொக்டர் சார்ஜ். ஒருவரும் கோபித்ததில்லை, திருப்பி அவரையும் சார்ஜ் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். தனக்கு ஒருவர் மரியாதை கொடுக்கிறார் என்பது எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும்.

எண்பத்தெட்டில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். கனகாம்பிகைக்கு அந்த வேலை வேண்டியிருந்தது ஒரே ஒரு காரணத்துக்காக. இவர் வேலை நிலைத்தால் ஆனந்தராஜா ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை விடலாம். கலியாணம் கட்டி இருபது வருசம், லண்டனுக்கு வந்தபிறகு இரண்டுபேரும் ஒரு மேசையில் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நாளை விரலில் எண்ணலாம். "எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணும்" என்று வெளிப்படையாகவே கேட்டார். ஆனந்தராஜாவும் இரண்டு மாதத்தில் ஞாயிறு வேலையை விடுவதாகச் செற்றில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.

வேலைக்குப் போன முதல் கிழமையே பிள்ளைகள் இவரைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டாணி பறந்தால் "ஹோல்ட் யுவர் ஃபயர்!" என்று ஒரு சத்தம். கை கழுவப் போக "மூவ் அவுட்!" ஆறு வயதுகள் வரிசை கட்டி மார்ச் பண்ணிக்கொண்டு போகும். மற்ற டின்னர் லேடிகள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

தலைமை ஆசிரியை மிஸிஸ் வில்கின்ஸ். நெடுத்த மனிசி, கட்டையாக வெட்டிய தலைமயிர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். சிரித்து ஒருவரும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கே இவர்தானே பொறுப்பு? கனகாம்பிகை முதல்நாளே, நாலுபேர் பார்க்க, பணிவாகத் தலையைச் சாய்த்து, "குட் ஆஃப்டர்நூன், சார்ஜ்" என்றார். மண்டபத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. மிஸிஸ் வில்கின்ஸ் கையைப் பின்னால் கட்டியபடியே போய்விட்டார். கனகாம்பிகை நாள்தோறும் சொன்னார். எட்டாவது கிழமை, ஓர் ஐந்து வயதுப் பிள்ளை நடைபாதையில் நின்று, மிஸிஸ் வில்கின்ஸைப் பார்த்து, "குட் மோர்னிங், சார்ஜ்!" என்று சலூட் அடித்தது. அன்று பின்னேரமே கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு என் அறைக்கு வரவும்.

கடிதத்தை வாசித்துச் சொன்னவள் பெர்னடெற், பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிற, பாசையூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண்.

"கனகக்கா, உங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாதே? சார்ஜ் எண்டா சார்ஜன்ட். ஆமியிலை ஒரு உத்தியோகம். இவவுக்குப் பின்னாலை ரீச்சர்மார் எல்லாரும் சார்ஜன்ட் மேஜர் எண்டுதான் நக்கலடிக்கிறவை. நீங்கள் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டியள். ஆரோ சொல்லித்தந்து சொல்லுறியள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா."

கனகாம்பிகைக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை போச்சே என்ற துக்கம் மறுபக்கம். வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. ஆனந்தராஜா அந்தக் கிழமை முழுதும் ஞாயிற்றுக்கிழமைக்கு இறைச்சியா, றாலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்குக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். குற்றத்தை ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் நாடகத்தில் கேட்ட ஒன்றுதான். இரண்டு கையையும் தோளுக்கு மேலே உயர்த்தி, "ஐ சரண்டர்" என்றார்.

மிஸிஸ் வில்கின்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை இறக்கச் சொல்லி, கதிரையைக் காட்டி, ஒரு கேள்விதான் கேட்டார்: அப்படிக் கூப்பிடச் சொல்லித் தந்தது யார்?

கனகாம்பிகை பதில் சொன்ன ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன். இலக்கணம் பார்க்கவேண்டாம். "ஒருவரும் இல்லை. எங்கள் நாட்டில் பெரிய ஆள், பெயர் சொல்லக் கூடாது. ரெலிவிஷனில் பத்து ஆமி. அவர்களுக்கு ஒரு பெரிய ஆள். அவரில் எல்லாருக்கும் விருப்பம். அவரை சார்ஜ் என்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார்." சரியான சொல்லைத் தேடிவிட்டுச் சொன்னார்: "நீங்களும் அப்படி. கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடியத்தான் நீங்கள் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கிறீர்கள். நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அதனால் சொன்னேன்."

மிஸிஸ் வில்கின்ஸ் மேசைக்கு மேலால் முன்னுக்குக் குனிந்தார். பிறகு, "இனிமேல் என்னை மார்கரெட் என்று கூப்பிடுங்கள்" என்றார்.

"நோ" என்றார் கனகாம்பிகை. "இம்பாசிபிள்."

அப்போதுதான் அந்த மனிசி சிரித்தார். சிறிய வயதில் தானும் அந்த நாடகம் பார்த்தவராம். நாடகம் முடிய, தோட்டத்தில் தம்பிமாரோடு அதே சண்டை விளையாட்டு. ஒருநாளாவது சார்ஜாக நிற்க ஆசை, தம்பிமார் எப்போதும் தாதியாகத்தான் நிற்க விட்டார்களாம். "எனக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்" என்றார். மூன்று மாதம் பார்க்கத் தேவையில்லை, இன்றிலிருந்தே வேலை நிரந்தரம் என்றார். பிறகு எழும்பி நிமிர்ந்து நின்று, நாடகத்தில் வருகிற அதே தொனியில், சத்தமாக, "டிஸ்மிஸ்ட்!" என்றார்.

கனகாம்பிகை அந்தச் சொல்லை நூறுதரம் கேட்டவர். அலுவல் முடிந்தது, நீ போகலாம் என்று அர்த்தம். ஒரு சலூட் அடித்து, முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். அங்கே பெர்னடெற் கண்ணீரோடு வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதேங்கோ கனகக்கா, வேறை வேலை எடுக்கலாம்."

"நான் எங்கை அழுறன்? டிஸ்மிஸ் எண்டு சொன்னவ!"

"ஓம், எனக்கும் கேட்டது" என்று பெர்னடெற் இன்னும் பெரிதாக அழுதாள். மிஸிஸ் வில்கின்ஸ் வெளியே வந்து நிரந்தரக் கடிதத்தை டைப் அடிக்கச் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது.

அன்று கனகாம்பிகை சண்டைப் படம் பார்க்கவில்லை. கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஆனந்தராஜா சப்பாத்தைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்:

"இஞ்சாருங்கோ, என்னை டிஸ்மிஸ் பண்ணிப்போட்டினம்."

கச்சேரிக்காரருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாக அப்படியே இருந்தார். பிறகு மெல்ல, "அதுக்கென்ன, போகட்டும். ஞாயிறு வேலைக்கு வாறன் எண்டு செற்றிலை சொல்லிவிடுறன். நீர் கவலைப்படாதேயும்" என்றார். அதற்கு மேல் கனகாம்பிகைக்கு நடிக்க ஏலவில்லை. கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். ரொட்டி பிய்க்கிற மனுசன், கடைசியில் கோப்பை எடுக்கிற மிஸிஸ் வில்கின்ஸ், எல்லாம். கடைசியில் சாப்பிடுகிற அந்த மனிசியின் கதையைக் கேட்டு ஆனந்தராஜா சிரிக்கவில்லை, ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறைச்சியும் இருந்தது, றாலும் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில், கீழே டொறீனின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கனகாம்பிகை ஒரு சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்து, சோற்றுச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பக்கத்தில் நின்றார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்."

ஆனந்தராஜா எழும்பினார். சட்டியை மனைவியின் கையிலிருந்து வாங்கி, கதிரையை இழுத்துப்போட்டு, அவரை அதில் இருத்தினார்.

"இருபது வருசமாப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான், கண்ணிலை படேல்லை" என்று சோற்றைப் போட்டார். "இண்டைக்கு நான்தான் கடைசி. நீர் சாப்பிடும், சார்ஜ்."