காதர் நானாவுக்கு எழுதிய பெயர்ப்பலகை

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைப் பெட்டிகளில் எழுத்து அடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிக்குப் போய்ப் பெயர்ப்பலகை எழுதும் வேலை கேட்கலாம் என்று எண்ணினேன். வெறுங்கையோடு போனால் யார் மதிப்பார்கள்? காதர் நானாவின் துணிக்கடைக்குப் பலகை கிடையாது. கோயில் பலகையில் என் எழுத்தைப் பார்த்து மெச்சியவர் அவர். அவருக்கே முதலில் ஒன்று எழுதிக் காட்டத் தீர்மானித்தேன்.

பெட்டிப் பலகையை இழைத்து, அவர் பெயரைத் தமிழில் எழுதினேன். சிங்களத்திலும் வேண்டுமென்று அந்த எழுத்தைப் பழகினேன். கோணலாகத் தெரிந்தபோதெல்லாம் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினேன். மூன்று மாதம் கடைப் பக்கமே போகவில்லை.

கடைசியில் பலகையைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். கடையில் அவருடைய தம்பி இருந்தார். பிரித்துக் காட்டியதும் அந்தப் பெயரை விரலால் தடவினார்.

“நானா மவுத்தாகி, அடக்கம் பண்ணி நாப்பது நாளாச்சு. ‘அந்தத் தோட்டத்துத் தம்பிய காணல்லயே, ஒரு போர்டு எழுதச் சொல்லணும்’னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

பலகையை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஒரு கரித்துண்டோடுதான் கடைகளுக்குப் போகிறேன். முதலாளியைக் கேட்டு, அவர் கண்ணெதிரே எழுதிக் காட்டுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வருகிறது. பார்ப்பதற்கு முதலாளி இருக்கிறார்.